குலுக்கிக் காட்டிய குப்பி

என் அக்காவை இந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெட்டிக்காரி. தடுப்பூசி மருந்து வைக்கும் நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டு வருடமாகப் படி ஏறி இறங்கும் நர்ஸ். நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அவளுடைய வலது தோள் இடதைவிட ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. "நீ ஊரைப் பார்த்தே, நான் படியைப் பார்த்தேன்" என்றாள்.

மூன்றாம் மாடித் தையற்காரியோடுதான் அவளுக்கு அப்போது மல்லுக்கட்டு. ஊசி போட்ட அன்று மூத்த மகளுக்குக் காய்ச்சல் அடித்ததிலிருந்து, கைக்குழந்தையைக் காட்டவே மாட்டேன் என்று இரண்டு மாதமாக நின்றாள்.

"நல்லா இருக்கிற புள்ளைக்கு நானே ஏன் காய்ச்சலை வரவைக்கணும் சிஸ்டர்?"

"உடம்பு வேலையை ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். ஓரிரு நாள்ல போயிடும். போகலைன்னா என்னைக் கூப்பிடு, ஓடி வர்றேன்."

"இந்த நோயெல்லாம் இப்ப எங்க இருக்கு? நான் கண்ணால பார்த்ததே இல்லையே."

"நீ பார்க்காம இருக்கத்தான் நான் முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்படி உள்ள என்னதான் இருக்கு?"

"நோய் வரவைக்கத் தெம்பில்லாத கிருமித் துண்டு. உடம்பு அதை வெச்சு அளவெடுத்துக்கும். நிஜக் கிருமி வந்தா அளவு தயாரா இருக்கும், உடனே வெட்டித் தைச்சிடலாம்."

"அளவெடுக்க ஒரு தடவை போதாதா? மூணு தடவை எதுக்கு?"

"ஏன், நீ ஒத்தைத் தையலோட விட்டுடுவியா?"

தையற்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட கோபத்தில் கதவைச் சாத்தினாள்.

ஒரு புதன்கிழமை காலையில் அவளே போன் செய்தாள். "பத்து மணிக்குள்ள வர்றேன். அதுக்கப்புறம் மனசு மாறினா என்னைக் கேக்காதீங்க." அக்கா குதித்துக்கொண்டு கிளம்பினாள். அன்று குடியிருப்பின் கீழ்க் கூடத்தில் ஒன்பது குழந்தைகளுக்குப் போட்டாள். தையற்காரியின் குழந்தைதான் முதல்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தவள், மீந்த குப்பி ஐஸோடு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தாள்.

"ஏய், காலையில ஐஸை மேசையில வெச்சேனாடி?"

நான் கூடவே இருந்தேன். "இல்லக்கா. எடுத்ததும் பெட்டியில போட்டுட்டே."

ஐஸ் அடைத்த பொதிகளை வெளியே வைத்து, உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் அடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஊசி மருந்து உறைந்துபோகும். உறைந்த மருந்து மறுபடி உருகினாலும் வேலைக்கு ஆகாது. அக்கா அதே மருந்தில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்தாள். மறுநாள் அதை உருகவிட்டு, பெட்டியில் மீந்து வந்த குப்பியோடு சேர்த்துக் குலுக்கினாள். இரண்டிலும் ஒரே மாதிரி துகள் விறுவிறுவென்று அடியில் இறங்கியது. அப்படியென்றால் நேற்றுப் போட்டதும் உறைந்துபோன மருந்துதான்.

ஆஸ்பத்திரி டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொன்னா இனிமே ஒருத்தி வரமாட்டா. அடுத்த தவணை போடத்தானே போறோம்? விட்டுடும்மா."

"காப்பு இருக்குன்னு ஒன்பது தாய்ங்க நம்பிக்கிட்டு இருக்காங்க சார். இல்லவே இல்ல. மறுபடி போடலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க."

"போடணும். ஆனா ஊரைக் கூட்டினா மெமோ கொடுப்பேன்."

"ரெண்டா கொடுங்க சார். ஒண்ணை நோட்டீஸ் போர்டுல ஒட்டிக்கிறேன்."

நேராக மூன்றாம் மாடி. தையல் மெஷின் நின்றது.

"நேத்து போட்டது வீண். தப்பு மருந்து மேல இல்ல, என் மேல. ஊசி போட்ட இடம் வீங்கினா சொல்லு. நானும் தினம் வந்து பார்க்கிறேன். ஆனா அது நோயைத் தடுக்காது, திரும்பப் போடணும்."

"காய்ச்சல் வராதப்பவே நினைச்சேன்!"

"அதை வெச்சுச் சொல்ல முடியாது. நல்ல மருந்துலயும் பல புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வராது."

"ரெண்டு மாசம் கெஞ்சி வரவெச்சு வெறும் தண்ணியைக் குத்தியிருக்கே!"

"ஆமா."

"வெளிய போ."

போனாள். போய் மற்ற எட்டுக் கதவையும் தட்டினாள். வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

அடுத்த புதன் அவள் மேசையில் ஐஸைப் பரப்பி, ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்த பிறகே பெட்டியைத் தொட்டாள். குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் முதல் ஒரு மணி நேரம் ஈ, காக்கை இல்லை. டாக்டர் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'சொன்னேனே' என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பிறகு படியில் செருப்புச் சத்தம். குழந்தையோடு தையற்காரி. பின்னால் ஐந்து தாய்மார்.

"ஊசி அப்புறம். குலுக்கினா தெரியும்னு எல்லா வீட்டுலயும் சொன்னியாமே? குலுக்கு."

அக்கா, 'போடக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதிய உறைந்த குப்பியை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் பிடித்துக் குலுக்கினாள். ஒன்றில் துகள் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்தது. மற்றது பால் மாதிரி கலங்கியே நின்றது. பிசிறு தேடும் கண்ணோடு தையற்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, போடு. இனிமே ஒவ்வொரு தடவையும் காட்டணும். காட்டாம ஊசியை எடுத்தே, நான் கூட்டற கூட்டத்துல இந்த இடம் தாங்காது."

"இதெல்லாம் விதியில இல்லையே" என்றார் டாக்டர்.

"இனிமே இருக்கு சார்" என்றாள் அக்கா.

குழந்தை வீறிட்டது. அக்கா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆறு பேர் முடிந்தார்கள். மூன்று பேர் வரவே இல்லை.

பெட்டியை அவள் தோளில் மாட்டினாள். எப்போதும்போல வலது தோள்.

"நாலாம் மாடியில ரெண்டு, அஞ்சாம் மாடியில ஒண்ணு. அந்த உறைஞ்ச குப்பியையும் எடுத்துக்கோடி, அங்கயும் குலுக்கணும்."