கண்ணை மூடி ஒற்றைக் காலில்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் கால்மாட்டில் உட்கார்ந்து வலது கெண்டைக்காலில் டேப்பு ஒட்டுவார். ஏற்காட்டில் எங்கள் வீடும் அவருடைய தையல் கடையும் ஒன்றுதான். முன்னறையில் மிஷின், பின்னறையில் நாங்கள். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டினாலே ஊரைக் கூட்டும் மனுஷன், அதே கத்தரியால்தான் பசை டேப்பை வெட்டினார். முனைகளை வளைத்து வெட்டுவார், அப்போதுதான் சாக்ஸில் உரசிப் பிய்ந்து வராதாம். கத்தரி கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. அப்போது நாங்கள் எதையும் சொல்லிக்கொள்வதில்லை.

அதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்து பிறந்தது. பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சண்டையும் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வரவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அதனால்தான் ஓடப் போனேன். செம்மநத்தம் ரோட்டில் ஞாயிறுதோறும் ஓடும் நாலைந்து பேரோடு சேர்ந்துகொண்டேன். உடம்பு இளைக்க என்று வெளியில் சொன்னேன். ஓடினால் கெண்டைக்காலாவது வலித்தது, அதுதான் விஷயம். கால் ஓய்ந்துபோன பிறகும் விடாமல் ஓடி, ஒரு நாள் இறக்கத்தில் கணுக்கால் பிசகி விழுந்தேன்.

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கும் பெண், இழுத்தால் நீளும் அந்த டேப்பை ஒட்டிக் காட்டினாள். காலின் பின்பக்கம் தானே ஒட்டிக்கொள்ள முடியாது என்று, கூட வந்திருந்த என் வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தாள். முனைகளை இழுக்கக் கூடாது, நடுவில் மட்டும் கொஞ்சம் இழுக்க வேண்டும். கடைசியில் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கினால்தான் பசை பிடிக்கும். அவர் தேவைக்கு மேலேயே தேய்த்தார். அந்த வருடம் முழுக்க அவர் கை என்மேல் பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான். எனக்கு அது வேண்டியிருந்தது. முகம் பார்க்காமல் குப்புறப் படுத்திருந்ததும் நல்லதாகத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண் என்னைக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாள். கெண்டைக்கால் நடுங்கி, இனி முடியாது என்ற பிறகு, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். டேப்போடு ஒரு தடவை, கொஞ்சம் ஓய்வு கொடுத்து டேப்பைப் பிரித்துவிட்டு ஒரு தடவை.

"இருந்தாலும் இல்லைனாலும் ஒரே மாதிரிதான் ஆடறீங்க அக்கா. கணுக்கால் ஆறிடுச்சுங்க. இனி டேப்பு வேண்டாம். ஓடி முடிச்சுட்டு, கால் அசந்திருக்கறப்ப, தெனமும் இப்படி நின்னு பழகுங்க. பக்கத்துல ஆள் இருக்கட்டும், விழுந்துராம."

நல்ல சேதிதான். பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டேப்பு இருந்த இடத்தை நானே உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டேன்.

"என்ன சொன்னாங்க?" என்று மிஷினிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"டேப்பு இனி வேண்டாமாமுங்க."

"செரி."

மீதி டேப்பைப் பித்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினார். கத்தரியில் ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பக்கத்தில் ஆள் வைத்து நின்று பழகச் சொன்னதை நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு டேப்பு இல்லாமல் ஓடினேன். கால் ஒழுங்காகத்தான் இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. திரும்பி வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, மிஷினுக்கு எதிரே போய் நின்றேன்.

"ஏனுங்க, கண்ணை மூடி ஒத்தக் கால்ல நிக்கோணுமாம். பக்கத்துல ஆள் வேணுமாம்."

கண்ணை மூடினேன். காலைத் தூக்கினேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. கணுக்கால் உதறியது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் தொடவில்லை. மூச்சு மட்டும் கிட்டத்தில் கேட்டது. விழப் போகிறோம் என்று தோன்றியதும் கண்ணைத் திறந்து காலை ஊன்றிவிட்டேன்.

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்துக்கொண்டு நின்றிருந்தார். விழுகிற ஆளை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். கைக்குழந்தையை வாங்கத்தான் அப்படி நீட்டுவார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் பார்க்காத கை அது.

"எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. கையையும் இறக்கவில்லை.

"முடி நொம்ப இருந்துச்சு புள்ள," என்றார். "மூக்கு உன்ற மூக்குதான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னும் சொல்லுங்க," என்றேன்.