சிரிக்காமல் நின்றவர்

வெள்ளவத்தையில், வீட்டில் சொல்லாமல் நான் மனக்கவலைகளைக் கொட்டிவந்த ஆலோசகர் அவர். நரைத்த பின்னல், மூக்கு நுனியில் கண்ணாடி. அறைக்குள் அவ்வளவு கனிவானவர், சந்தையில் என்னையும் மனைவியையும் கண்டும் வெண்டிக்காய் முறித்துப் பார்ப்பதிலேயே கவனமாக இருந்தார். அவரே முதலில் சிரிக்கட்டும் என்று நின்ற எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். “அவவோட எவ்வளவு மனம்விட்டுக் கதைச்சிருப்பன்! ஒரு சிரிப்பில்லை. சரியான எடுப்பு!”

என் இரகசியத்தை நானே உடைத்துவிட்டது பிறகுதான் உறைத்தது.

மனைவி நிதானமாகச் சொன்னாள்: “எடுப்பில்லையப்பா. தன்னட்டை வாறது மற்றவைக்குத் தெரியக்கூடாதெண்டு, வெளியில நாங்கள் சிரிச்சாத்தான் அவவும் சிரிப்பா. நானும் அவவிட்டைத்தானே போறன்.”

மனைவிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்று அவரிடம் பீற்றிக்கொண்டபோது, அந்த மனுஷி கண்ணாடியைக்கூடச் சரிசெய்யவில்லையே!