கழுவி வைத்த கூட்ஸ் வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் என் கணவரின் பார்வை மங்கத் தொடங்கியது. மதுரைக்கும் போடிக்கும் இடையே ஓடிய கூட்ஸ் வண்டியில் அவர் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்றபடி, முன்னால் வளைந்து செல்லும் வேகன்களையே பார்த்துப் பழகியவர். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபின் அவரை வண்டிப் பணியிலிருந்து விடுவித்தார்கள். விசில், கொடிகள், கைவிளக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, தேனியில் எங்கள் வாடகை வீட்டு ஜன்னலோரம் அமர்ந்து, அதே வண்டியைக் கையளவில் செய்ய ஆரம்பித்தார். பார்வை முழுவதும் போவதற்குள் முடித்துவிட வேண்டும். அவருக்கு இருந்த அவசரம் அது ஒன்றுதான்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் வேகன்களை அறுத்தெடுப்பது எளிதாகவே முடிந்தது. அவற்றைப் பழையதாக்குவதில்தான் மாதங்கள் போயின. பளபளக்கும் வேகனை அந்தப் பாதையில் தான் கண்டதே இல்லை என்பார். துருவுக்குச் செங்காவியும் புகைக்கு அரிக்கன் விளக்குக் கரியும் வேலம்பிசினில் குழைத்தோம். கதவுக் கொண்டிக்குக் கீழே துரு நீண்டு வழியும். சுமை தூக்குவோரின் தோள் உரசும் இடத்தில் பலகை கறுத்து மினுங்கும். ஏலக்காய் மூட்டைகளை நான் பழைய காடாத் துணியில் தைத்தேன். மரத்தூள் நிரப்பியபோது அவை விறைத்து நின்றன. கேழ்வரகு நிரப்பியதும், பாரம் தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்று தொய்ந்து சாய்ந்தன. அவர் நெடுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆயுத பூசைக்குப் பெரியகுளத்திலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். ஆண்டுதோறும் விசிலையும் விளக்கையும் துலக்கிப் பொட்டிட்டு வைக்கும் பலகை அந்த முறை வெறுமையாகக் கிடந்தது. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் கண் மருத்துவரிடம் போய்த் திரும்புவதற்குள் வேகன்களைச் சீயக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மூட்டைகளையும் அலசி, சந்தனமும் குங்குமமும் இட்டு அந்தப் பலகையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்.

"ஏத்தா, இம்புட்டு அழுக்க வச்சுக்கிட்டு எப்படித்தான் சாமி கும்பிடுவீகளோ! தேச்சுத் தேச்சு என் கை ஓஞ்சு போச்சு" என்றார் என்னிடம், மகிழ்ச்சியாக.

"மதினி, அது அழுக்கு இல்ல..." என்று தொடங்கினேன். கணவர் என் கையை அழுத்தினார். ஒரு வேகனை எடுத்துக் கண்ணுக்கு வெகு அருகே பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத் தேச்சிருக்கீக அக்கா. ரயில்வேல உங்களுக்கு அப்பவே வேல குடுத்திருக்கணும். வண்டியெல்லாம் புது மாப்பிள்ள மாதிரி நின்னிருக்கும்."

"ஏலே, கேலி பண்ணாத" என்ற அக்காவின் முகம் பூரித்திருந்தது.

அக்கா ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அவர் பலகையின் அருகே அமர்ந்தார். ஈரத் துணிக்குள் கேழ்வரகு முளைவிட்டு, மூட்டைகளின் தையலைப் பிளந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்து, "லோடு முளைச்சிருச்சு" என்றார்.

மீண்டும் தொடங்கினோம். இம்முறை தூரிகை என் கையில் இருந்தது. "அங்கன வேணாம், கொஞ்சம் கீழ. மழத்தண்ணி வழிஞ்ச மாதிரி இழு" என்று அவர் சொல்லச் சொல்ல இழுத்தேன். முதலில் ஒவ்வொரு வேகனையும் வாங்கிக் கண்ணருகே பிடித்துத் திருத்தினார். பிறகு அதற்கு வாசல் வெயிலும் தேவைப்பட்டது. தை பிறந்தபின் வாங்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டார்.

வண்டி முடிந்ததும் மேசைமேல் கோத்து நிறுத்தி, ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னேன். பஞ்சுப் பொதி, வெட்டுமரம், ஏலக்காய். கேட்டுக்கொண்டே வந்தவர், "போற ஊர எழுதலையே" என்றார். வேகன்களைக் கோத்து வண்டியாக்கும் யார்டில், ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் சாக்கட்டியால் ஊர்ப்பெயரைக் கிறுக்கி வைப்பார்களாம்.

"எந்த ஊருன்னு சொல்லுங்க, எழுதுறேன்."

"இல்ல, அத நான் எழுதுறேன். இங்கன குடு."

சாக்கட்டியைச் சீவிக் கொடுத்தேன். இடக்கையால் வேகனைப் பற்றிக்கொண்டு, மெதுவாக 'மதுரை' என்று எழுதினார். முதல் எழுத்து மட்டும் பலகையில் விழுந்தது. பலகை முடிந்தது தெரியாமல் மற்றவை வேகனைப் பிடித்திருந்த கட்டைவிரல்மேல் ஏறியிருந்தன.

"வந்திருக்கா?"

"முத எழுத்து வந்திருக்குங்க. மத்தது உங்க வெரல் மேல விழுந்திருச்சு."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு வேகனை என் குரல் வந்த திசைக்கு நீட்டி, "மிச்சத்த நீ எழுதிரு" என்றார்.