வாளியில் ஏறிய பொட்டலம்

கோபுர கிரேனின் உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுதான் இருபத்திரண்டு வருஷமாக அவருடைய உலகம். காலையில் முந்நூறு படி ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மத்தியானச் சாப்பாட்டை ஒரு வாளியில் வைத்துக் கீழே கட்டிவிடுவார்கள். கயிற்றை இழுத்து எடுத்துக்கொள்வார். தரையில் நின்றால் கைகாலை எங்கே வைப்பதென்று தெரியாத மனுஷன். எல்லாருக்கும் அவர் கிரேன்காரர்தான்.

அப்படிப்பட்டவரிடம் வருஷாந்திரச் சோதனையில் டாக்டரம்மா சொன்னதைக் கேளுங்கள். "ரத்தத்துல கொழுப்பு ஏறிக் கிடக்கு. இப்படியே விட்டா இதயத்துக்குத்தான் ஆபத்து. மாத்திரை போடுங்க. மூணு மாசம் காய்கறி, பருப்பு, பயறுன்னு சாப்பிடுங்க. குறையலன்னா மேலே ஏற நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கறி இல்லாத சாப்பாட்டைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்காத ஆள். முகம் செத்துப்போய் வீடு வந்தார். தையல்கடை வைத்திருக்கும் அவர் மனைவி ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. மறுநாளே கேரியரில் கீரை, பருப்பு, பீன்ஸ் என்று அடுக்கிவிட்டாள்.

கீழே நின்று சிக்னல் கொடுப்பவன் அவளுடைய தம்பி. மாமா வாடிப்போவதைப் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. நாலாம் நாள் வாளியில் கேரியரோடு ஒரு பொட்டலமும் ஏறி வந்தது. பொரித்த கோழி. மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'அக்காகிட்ட சொல்லாதீங்க.' சாப்பிட்டாரா என்கிறீர்களா? எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படியே பதினோரு நாள் ஓடியது. கீரையும் பீன்ஸும் வைத்தது வைத்தபடியே வாளியில் இறங்கின; மச்சான் கேரியரைக் காலிசெய்து அக்காவிடம் நல்ல பிள்ளையாகக் கொடுத்துவந்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் இன்ஜினியர் அவசரப்பட்டார். அளவுக்கு மேல் கம்பி ஏற்றிவிட்டுத் தூக்கச் சொன்னார். கிரேன்காரர் வாக்கி டாக்கியில், "எடை கூட. குறைச்சுட்டுச் சொல்லுங்க," என்றார். அவர் வேண்டாமென்றால் அப்பீல் கிடையாது, அதுதான் அந்த வேலையின் சட்டம். இன்ஜினியர் முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார்.

மத்தியானம் பொட்டலம் வந்தது. அவர் பிரிக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியரிடம் முடியாதென்று சொன்ன வாய், இத்தனூண்டு பொட்டலத்திடம் பல்லிளிக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பயமும் வந்தது. இங்கிருந்து இறக்கிவிட்டால் எங்கே போவார்?

வாளியைக் கீழே விட்டார். வாக்கி டாக்கியை எடுத்தார்.

"எடை கூட. இறக்கறேன்."

"வாளிதானே மாமா?"

"நீ வைக்கற பொட்டலம்தான், மச்சான். இதைத் தின்னா என்னைத் தரையில உட்கார வச்சிருவாங்க. இனிமே அனுப்பாதே. உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அது பொது அலைவரிசை. இன்ஜினியர் முதல் காவலாளி வரைக்கும் கேட்டுவிட்டார்கள்.

வீட்டில் சொன்னார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை; கேரியர் மட்டும் வேளை தவறாமல் வந்தது. முதல் வாரம் புல்லை மென்ற மாதிரிதான் இருந்தது. பிறகு அவள் பீன்ஸில் மிளகும் எலுமிச்சையும் சேர்த்தாள். ஒரு நாள் அவரே, "நாளைக்கும் அதையே வை," என்றார். அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறுகிற ஏணியில் இப்போது இரண்டு இடத்தில்தான் நின்றார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "நல்லாவே இறங்கியிருக்கு. இதோட விட்டுடாதீங்க," என்று கையெழுத்துப் போட்டார். கிரேன்காரர் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நேராகப் போய் ஏணி ஏறினார்.

மத்தியானம் கேரியரைத் திறந்தால் பீன்ஸ் பாதிதான் இருந்தது.

"மச்சான், பீன்ஸ் எங்கே?"

கீழே மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு வாக்கி டாக்கியை எடுத்தான்.

"எடை கூட இருந்துச்சு மாமா. குறைச்சேன். அக்காகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லத்தான் போறேன்," என்றார் அவர். "நாளையிலேருந்து உனக்கும் சேர்த்து ரெண்டு கேரியர்."