பதிமூன்றால் வகுத்தது

மனவயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நுண்ணறிவு ஈவு. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போனதோடு விட்டிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

எங்களுக்கு ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கத்தரியும் கனகாம்பரமும் போட்டிருந்தார். அம்மா விடியுமுன்பே பூ எடுக்கப் போய்விடுவாள். எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. தங்கைக்கு நாலு வயது. அவளை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது அப்பா சாதாரணமாகச் சொன்னார், "நீ படிச்சது போதும் ஆத்தா. சின்னவளப் பாத்துக்கிட்டு வீட்டுல இரு."

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அப்போதெல்லாம் பிறந்த தேதிக்கு யாரும் சீட்டுக் கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் அஞ்சு வயது முடிந்தது என்று கணக்கு. நாலு வயதுக் கை உச்சந்தலை தாண்டவில்லை. தலைமையாசிரியர் மைக்கூட்டை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, அவள் தலையைப் பிடித்து ஒரு பக்கமாக அமுக்கினேன். விரல் காதைத் தொட்டது. "வயசு எம்புட்டு?" என்று கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று "ஆறு சார்" என்றேன். ஜூன் மாதத்தில் ஒரு தேதியை அவராகவே போட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருந்தார்கள். என் படிப்பு தப்பியதென்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

அவள் எப்பேர்ப்பட்டவள் என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. ராத்திரி நான் சரித்திரப் பாடத்தை உரக்க வாசித்தால், காலையில் தலை பின்னிவிடும்போது முழுப் பக்கத்தையும் ஒப்பிப்பாள். "இந்த எடத்துல நீ ஒரு வரி விட்டுட்டக்கா" என்று வேறு சொல்வாள். எட்டு வயதில், வெளியூரில் படித்த நான் லீவுக்கு வரும்போது என் அல்ஜீப்ராப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கணக்கை எனக்கு முன்னால் முடித்துவிட்டு, எனக்கு ரோஷம் வரக்கூடாதென்று பேசாமல் இருப்பாள். அம்மா பயந்தாள். "பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டு அறிவு ஆகாதுடி, கண்ணு பட்டுரும்" என்று வாராவாரம் மிளகாய் சுற்றிப் போட்டாள். என்னத்தைச் சுற்றிப் போட்டு என்ன.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. நான் அதற்கு மேல் திண்டுக்கல் நாகல் நகரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். பிறகு அத்தை குடும்பம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டதால் தங்கைக்கு அந்த வழி இல்லை. பஸ்ஸில் தினமும் அனுப்ப அப்பா சம்மதிக்கமாட்டார். எட்டு முடித்தால் அவளும் பூக்கூடைதான். அறுபதுகளின் தொடக்கத்தில், அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் பயிற்சிப் பள்ளியின் மனோதத்துவ ஆசிரியர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மதுரையில் ஒரு பள்ளி, அபாரமான அறிவுள்ள பிள்ளைகளைத் தேடி எடுத்து, விடுதியில் வைத்து இலவசமாகப் படிக்கவைக்கப் போகிறதாம். ஈவு நூற்று நாற்பது இருக்க வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் சோதனை வைப்பது அவர் பொறுப்பு.

எங்கள் ஊருக்கு வந்தபோது உதவிக்கு என்னைக் கூட்டி வந்தார். பதிவேட்டைப் பார்த்துப் பிள்ளைகளின் வயதை எழுதும் வேலை எனக்கு. தங்கை பெயருக்கு எதிரே பதிமூன்று என்று என் கையால் எழுதினேன். பதிவேட்டில் இருந்தது, எழுதினேன். ஒரு உறுத்தல்கூட இல்லை. ஈவு கண்டுபிடிக்கத் தெரிந்த பெரிய படிப்பாளி அல்லவா நான்.

ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டார். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வைத்தார், படத்தில் என்ன குறை என்றார், மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். தங்கை கடைசிவரை அசரவில்லை. மனவயது பதினாறு என்று வந்தது. அவர் காகிதத்தின் ஓரத்தில் பதிமூன்றால் வகுத்தார். நூற்று இருபத்து மூன்று. "கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா நாம தேடுற அளவுக்கு இல்லம்மா" என்று அடுத்த தாளை எடுத்தார்.

அப்போதுதான் உறைத்தது. யாருக்குப் பதிமூன்று? அவளுக்குப் போன தை மாதம்தான் பதினொன்று முடிந்தது. பதினாறைப் பதினொன்றால் வகுத்தால் நூற்று நாற்பத்தைந்து. அவரைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. "பிறப்புப் பதிவு நகலும், தலைமையாசிரியர் கையெழுத்தோட வயசுத் திருத்த மனுவும் கொண்டு வா. சனிக்கிழமை பட்டியல் போயிரும். அதுக்குப் பிறகு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

வீட்டில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நூற்று இருபத்து மூன்று என்றதும் நூற்றுக்கு இத்தனை என்று எடுத்துக்கொண்டார். கத்தரி கொண்டுபோன இடமெல்லாம் "எம்மக நூத்துக்கு நூத்தி இருபத்திமூணு எடுத்திருக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அது பத்தாது, இடம் கிடைக்காது என்று நான் விளக்கியபோது அவர் முகம் விழுந்துவிட்டது. "நூறத் தாண்டியும் பத்தலையா? அவங்களுக்கு இன்னும் எம்புட்டுத்தான் வேணுமாம்?" என்றார். குறைத்தவளே நான்தான்.

ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் பிறப்புப் பதிவு இருந்தது. பெயர் இல்லை, 'பெண்' என்று மட்டும், ஆனால் அப்பா பெயரும் தேதியும் சுத்தமாக. நகல் வாங்கிக்கொண்டு, மனுவும் எழுதிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கையோடு தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். அவள் வாசல்படியிலேயே நின்றுகொண்டாள்.

அவர் மனுவை இரண்டு தடவை படித்தார். "கையெழுத்துப் போடுறேம்மா. நான் ரிட்டையர் ஆகப்போறவன், எனக்கென்ன. ஆனா தப்பு வயசு சொன்னது யாருன்னு இதுல இல்லையே. அது இல்லாம மேல ஏத்துக்கமாட்டாங்க. நீதான சொன்ன? அத எழுதி நீ ஒரு கையெழுத்துப் போடணும்."

"போட்டா என்ன சார் ஆகும்?"

"ஆகாமலும் போகலாம். ஆனா நீ வாத்தியார் வேலைக்குப் போகப்போற பிள்ளை. ரெக்கார்டுல பொய் வயசு குடுத்தவன்னு உன் பேருல ஒரு காகிதம் மேல போகுது. அப்ப உனக்குப் பதினோரு வயசுன்னு எவன் யோசிப்பான்? செத்த நேரம் யோசிச்சுட்டு வா. நான் வீட்டுலதான் இருப்பேன்."

அவர் மிரட்டவில்லை, அறிந்ததைச் சொன்னார். அது தப்பாகக்கூட இருந்திருக்கலாம். நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாரம்மாவாக இருந்தேன். பதினோரு வயதில் நான் என்ன சொன்னேன் என்று ஒருத்தரும் ஒரு நாளும் என் காகிதங்களைப் புரட்டிப் பார்க்கவில்லை. தங்கை அம்மாவோடு பூ எடுத்தாள். பிறகு நெய்க்காரப்பட்டியில் வாக்கப்பட்டுப் போய்க் கரும்புக்காட்டில் களை வெட்டினாள். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா பேச்சு. என் வினை என்னை ஒன்றும் செய்யவில்லை, அவளைத்தான் சுட்டது.

அன்று தலைமையாசிரியர் வீட்டிலிருந்து வெளியே வந்து ஊருணிக் கரையில் இரண்டு பேரும் நடந்தோம். மனு என் கையில் இருந்தது. யோசிக்கிறவள் மாதிரி மெதுவாக நடந்தேன். உள்ளே பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அந்தத் தாளக் குடுக்கா" என்று வாங்கி நின்று படித்தாள். மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

"இத நாம குடுக்க வேணாங்க்கா" என்றாள். "மதுரையெல்லாம் தூரம். எனக்கு அம்மாவ விட்டுட்டு இருக்க முடியாது."

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாகத் தனக்கு இருந்த ஒரே நல்ல பாவாடையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். தலைமையாசிரியர் வீட்டுக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது, பத்தடி திரும்பி நடந்தால் போதும். அவள் அப்படிச் சொல்லமாட்டாளா என்றுதான் அவர் வீட்டிலிருந்தே நான் காத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"சரி" என்றேன். பேச்சுக்குக்கூட ஒரு தடவை மறுக்கவில்லை.