மோள் என்று ஒரு சொல்

கொச்சியில், மட்டாஞ்சேரி தீயணைப்பு நிலையத்தில் என் அண்ணன் கிரிதரன் வேலை பார்த்தான். எங்கள் சந்துகளுக்குள் பெரிய வண்டி நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். அண்ணன்தான் முதலில் ஓடுவான்.

வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "எடா பாண்டி, நின்றெ தமிழ் கேட்டால் தீ தானே கெடும்" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டி என்பது அங்கே தமிழர்களைக் கேலி செய்யும் பெயர்; அவன் தமிழைக் கேட்டாலே தீ தானாக அணைந்துவிடுமாம். அதிலிருந்து காக்கி போட்டுவிட்டால் அவன் மலையாளம் மட்டுமே பேசினான்.

போன மாதம் மிளகாய்க் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. அங்கே மூட்டை தூக்கும் ஒச்சப்பன், உசிலம்பட்டிக்காரர், வெளியே ஓடிவந்து, மாடியைக் கைகாட்டி, தனக்குத் தெரிந்த மலையாளத்தில் அண்ணனிடம் கத்தினார்: "மோள் உண்டு சாரே, மோள்!" மோள் என்றால் மகள். யாரோ ஒரு பெண் குழந்தை உள்ளே இருக்கிறாள் என்று நினைத்து அண்ணன் மாடிக்கு ஓடினான். அங்கே சிலிண்டர் வெடித்தது. குழந்தை யாரும் இல்லை.

நேற்று ஒச்சப்பன் துக்கம் கேட்க வந்தார். மோளில், அதாவது மேலே, சிலிண்டர் இருப்பதைத்தான் சொல்ல வந்ததாக உடைந்த மலையாளத்தில் சொல்லி அழுதார்.

"அம்மா, இவருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வா" என்று நான் உள்ளே பார்த்துச் சொன்னேன்.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்க தமிழா தாயி? அப்ப சாரும்?"

தலையாட்டினேன்.

"மேலே சிலிண்டர் இருக்கு, போகாதீங்கன்னு சொல்லியிருப்பேனே."