தரை காயட்டும்

தேவாலயத்தின் பீடத்தடியில் தொடங்கி, குந்தியபடியே பின்னால் நகர்ந்து வாசல்வரை துடைத்துவிடுவார். அப்படித் துடைத்தால்தான் தன் காலடிகூடத் தரையில் விழாதாம். அறுபத்திரண்டு வயதுக் கோயில்பிள்ளை அவர். மணியடிப்பது, பீடத்துணி மாற்றுவது, செருப்போடு நுழைபவர்களை முறைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாவது வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது. அந்த வாரங்களுக்கான ஊதாப் பீடத்துணிக்கு இஸ்திரி, ஜன்னல் கம்பிக்குக் குளியல். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் முதலாவது மட்டும் குட்டையாகிவிடுவது அவருக்குப் பொறுக்காது. "ஆண்டவரு வந்து நிக்கிறப்ப துடைப்பத்தைத் தேட முடியுமா? முன்னாடியே தயாரா இருக்கணும்" என்பார். உள்ளத்தைத் தயாரிப்பது பற்றி ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போது, இவர் கண் தரையில் சொட்டிய மெழுகின் மேல் இருக்கும்.

அண்ணனோடு பேச்சு நின்று ஆறு வருடம். அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது, அதுதான் குற்றம். "நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லக் கால் வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துகொண்டார். அண்ணனுக்கு முட்டி தேய்ந்து நிஜமாகவே கால் வலித்தது என்பது பிறகுதான் தெரிந்தது. போன வருடம் அண்ணி இறந்தபோது கல்லறைத் தோட்டத்து வாசல்வரை போனார். எந்த முகத்தோடு உள்ளே நுழைவது என்று திரும்பிவிட்டார். அதை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை. கதவு தட்டும் சத்தம்.

"தரை ஈரமா இருக்கு. காஞ்சதும் வாங்க."

"நான்தான்டா. மெதுவா காயட்டும், படியில உக்காந்திருக்கேன்." அண்ணன் குரல்.

தரை காய்ந்தது. கோயில்பிள்ளை துணியை நனைத்து, காய்ந்த தரையை மறுபடி துடைத்தார். அதுவும் காய்ந்தது. மூன்றாம் முறையும் வாளியில் கைவிட்டார். கோபம் மிச்சமிருந்தால் கதவைத் திறந்து நாலு வார்த்தை கேட்டிருப்பார். இருந்ததெல்லாம் வெட்கம்தான், அது அவரைப் பிடுங்கித் தின்றது.

இஸ்திரி போட்ட துணிகளோடு பக்கக் கதவு வழியாக மனைவி வந்தாள். தரையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் முக்கா மணி நேரமா வெயில்ல உக்காந்திருக்காரு. யார் வரணும்னு இதைத் துடைச்சிக்கிட்டே இருக்கீங்க?"

அவர் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை விலக்கினார்.

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துச் சிரமப்பட்டு எழுந்தார். "காஞ்சிருச்சாடா?"

"காஞ்சு ரொம்ப நேரமாச்சுண்ணே."

அண்ணன் அவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தார். முட்டி மடங்கவில்லை. கோயில்பிள்ளை ஈரத்துணியை ஓரமாகப் போட்டார். முகத்தை நிமிர்த்தாமலே படியில் மண்டியிட்டு, அண்ணனின் செருப்பு வாரை அவிழ்க்கத் தொடங்கினார்.